வெட்டுப்பட்ட கை: முதல் சில மணி நேரமும் பிந்தைய மாதங்களும்



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகிறது. குர்பானி கொடுக்கும் நாட்களில் பழக்கமில்லாத கைகள் பலவும் கத்தியைப் பிடிக்கும். பெருநாளை விட்டுவிட்டுப் பார்த்தாலும், நம் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்தில் பெரும்பாலான வீடுகளில் அடுப்பு எரிவது கை உழைப்பால்தான். டேனரியில் ஷேவிங் மிஷின், ஷூ கம்பெனியில் கட்டிங் பிரஸ், கறிக்கடையில் கைமா மிஷின், தெருவோரத்தில் கரும்பு ஜூஸ் வண்டி, மரம் அறுக்கும் பட்டறை என்று கைக்கு ஆபத்தான இடங்களும் நம்மிடம் நிறைய இருக்கின்றன.

நமது அறக்கட்டளைக்கு வரும் உதவி விண்ணப்பங்களில், கை முடங்கி வேலை இழந்தவர்களுடையவை ஒவ்வோர் ஆண்டும் சில இருக்கும். அவற்றை விசாரிக்கும்போது நம் மனதை உறுத்துவது ஒன்று உண்டு. இவர்களில் பலருக்கு, விபத்து நடந்த அந்த நிமிடத்திலேயே கை போய்விடவில்லை. துண்டான விரலை நேரடியாக ஐஸில் புதைத்துக் கொண்டு போனதால் ஒருவருக்கு விரல் போயிற்று. மேல்தோலைத் தைத்து அனுப்பியபின், விரல் மரத்துக் கிடப்பதை யாரும் கவனிக்காததால் இன்னொருவருக்குப் பிடிமானம் போயிற்று. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும், பயிற்சிக்குப் போக பஸ் செலவுக்கு இல்லாமல் நின்றுவிட்டதால் மற்றொருவரின் விரல்கள் விறைத்துப் போயின.

கை அறுவைச் சிகிச்சை இன்று வெகுதூரம் வளர்ந்திருக்கிறது. அறுந்த விரலை ஒட்டுகிறார்கள், நரம்பைத் தைக்கிறார்கள், இறந்தவரின் கையை உயிருள்ளவருக்குப் பொருத்தவும் செய்கிறார்கள். ஆனால் டாக்டரிடம் போய்ச் சேரும் முன் நாம் செய்வதும், வீடு திரும்பிய பிறகு நாம் செய்வதும் சரியாக இருந்தால்தான் அந்தக் கலை பலன் தரும். அந்த இரண்டையும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து கொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

‘நரம்பு’ என்ற ஒரே சொல்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். பேச்சு வழக்கில் நாம் மூன்று வெவ்வேறு பொருள்களை ‘நரம்பு’ என்கிறோம். ஊசி போடும்போது புறங்கையில் புடைத்துத் தெரிவதையும் நரம்பு என்கிறோம், அது இரத்தக்குழாய். மணிக்கட்டில் கயிறு போல் விறைத்து நிற்பதையும் நரம்பு என்கிறோம், அது தசைநாண். மூளையிலிருந்து கட்டளையைக் கொண்டு வந்து, தொடுவுணர்வை மூளைக்குத் திருப்பி எடுத்துச் செல்வதுதான் உண்மையில் நரம்பு. ‘நரம்பு கட் ஆயிடுச்சு’ என்று டாக்டர் சொன்னால், மூன்றில் எது என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சையும் வேறு, குணமாகும் காலமும் வேறு.

ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. விரலை வலுவாக மடக்கும் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து வந்து, கயிறு கட்டி இழுப்பது போல் விரலை இழுக்கின்றன. ஆகவே மணிக்கட்டில் படும் ஒரு கண்ணாடிக் கீறல்கூட விரலைச் செயலிழக்கச் செய்யும்.

கைக்கு மூன்று முக்கிய நரம்புகள் வருகின்றன. மீடியன் நரம்பு, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் நுனிக்கு உணர்வு தருகிறது. கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டு வந்து நிறுத்துவதும் அதுதான். அல்நார் நரம்பு சுண்டுவிரல் பக்கத்துக்கு உணர்வு தருகிறது. விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் வைக்கிறது. ரேடியல் நரம்பு மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்க வைக்கிறது. அது அறுந்தால் கை மடங்கித் தொங்கிவிடும்.

கையில் வெட்டுப்பட்டால், காயம் சிறியதாகத் தெரிந்தாலும் ஐந்து விஷயங்களைப் பாருங்கள். ஒவ்வொரு விரலும் தனித்தனியே மடங்குகிறதா? நீட்ட முடிகிறதா? விரல்களை விரிக்க முடிகிறதா? கட்டைவிரல் சுண்டுவிரலின் நுனியைத் தொடுகிறதா? கண்ணை மூடியிருக்கும்போது ஒவ்வொரு விரல் நுனியிலும் லேசாகத் தொட்டால் தெரிகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் அது வெறும் தோல் காயமாக இருக்காது. தையல் மட்டும் போட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். கை அறுவைச் சிகிச்சை அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணரிடம் காட்டுங்கள். வலியால் சொல்லத் தெரியாத சிறு பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. காயம்பட்ட பிள்ளை ஒரு விரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற விரல்களால் பொருளை எடுத்தால் அதுவே அடையாளம்.

விரலோ கையோ துண்டாகிவிட்டால்

இதைக் கத்தரித்து, கறிக்கடையிலும் பட்டறையிலும் குர்பானி கொடுக்கும் இடத்திலும் ஒட்டி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

1. முதலில் மிஷினை நிறுத்துங்கள். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். பெரும்பாலான இரத்தப்போக்கு இதிலேயே அடங்கும். கம்பி, மெல்லிய கயிறு போன்றவற்றால் இறுக்கிக் கட்ட வேண்டாம். காப்பித்தூள், மஞ்சள், சாம்பல் எதையும் வைக்க வேண்டாம்.

2. மோதிரம், வளையல் இருந்தால் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது.

3. துண்டான பாகம் எவ்வளவு நசுங்கியிருந்தாலும் விடாமல் தேடி எடுங்கள். பயன்படுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஒட்ட முடியாது போனாலும் அதிலிருந்து தோலோ நரம்போ எடுத்து மற்ற விரலுக்குப் பயன்படுத்துவது உண்டு.

4. அழுக்காக இருந்தால் சுத்தமான தண்ணீரில் மெல்ல அலசுங்கள், தேய்க்க வேண்டாம். சலைன் அல்லது சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றுங்கள். அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தண்ணீர் புகாதபடி வாயைக் கட்டுங்கள். பிறகு அந்தக் கவரை, தண்ணீரும் ஐஸும் கலந்த இன்னொரு கவரிலோ டப்பாவிலோ வையுங்கள்.

5. ஐஸ் நேரடியாகச் சதையில் படக் கூடாது. பட்டால் சதை உறைந்து, உள்ளிருக்கும் நுண்ணிய இரத்தக்குழாய்கள் கெட்டுவிடும். ஃப்ரீசரில் வைப்பது, தண்ணீரில் ஊறப்போடுவது, ஸ்பிரிட்டிலோ டெட்டாலிலோ போடுவது எல்லாம் கெடுதலே.

6. சிறிது தோலில் தொங்கிக் கொண்டிருந்தால் அறுத்து எடுக்காதீர்கள். அந்தத் தோலுக்குள் ஒரு இரத்தக்குழாய் தப்பியிருக்கலாம். அப்படியே சேர்த்து வைத்து, மட்டை கொடுத்துக் கட்டுங்கள்.

7. காயம்பட்டவருக்கு டீ, ஜூஸ், சாப்பாடு எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

8. 108-ஐ அழையுங்கள். ஒருவர் வாகனத்தை ஏற்பாடு செய்யும்போதே இன்னொருவர் மருத்துவமனைக்குப் போன் செய்து, ‘துண்டான விரலை ஒட்டும் வசதியும் டாக்டரும் இப்போது இருக்கிறார்களா’ என்று கேட்கட்டும். ஒவ்வொரு மருத்துவமனையாக அலைவதில் போகும் நேரம் திரும்பி வராது.

நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விரலில் தசை அதிகமில்லை. அதனால் முறைப்படி குளிர்ச்சியில் வைத்தால் பல மணி நேரம் தாங்கும். உள்ளங்கை, மணிக்கட்டு, முன்கை என்று மேலே போகப் போக தசை அதிகம். இரத்தமில்லாத தசை, குளிர்ச்சியும் இல்லாவிட்டால், சுமார் 6 மணி நேரத்தில் கெடத் தொடங்கும். ஆகவே துண்டானது பெரிதாக இருந்தால் அவகாசம் குறைவு.

துண்டாகாத கைக்கும் இதே போன்ற ஆபத்து ஒன்று இருக்கிறது. முழங்கை எலும்பு முறிந்த பிள்ளைக்கு மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டிவிடுகிறார்கள். பிள்ளை இரவெல்லாம் அழுகிறது. ‘எலும்பு முறிஞ்சா வலிக்கத்தான் செய்யும்’ என்று சமாதானம் சொல்லிவிடுகிறோம். விரல்கள் வீங்கி, வெளிறி, மரத்து, அவற்றை நீட்டிவிட்டால் பிள்ளை அலறினால், உள்ளே இரத்த ஓட்டம் தடைப்படுகிறது என்று அர்த்தம். நாட்டுக் கட்டாக இருந்தாலும் மாவுக் கட்டாக இருந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே பிரிக்கச் செய்ய வேண்டும். தாமதித்தால் முன்கைத் தசைகள் செத்துச் சுருங்கி, விரல்கள் வாழ்நாள் முழுவதும் மடங்கியே இருந்துவிடும்.

ஆபரேஷன் அறையில் என்ன நடக்கிறது

அறுந்த உறுப்பை ஒட்டும் கலை அறுபது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்டதுதான். 1962-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ரயிலில் அடிபட்டுத் துண்டான 12 வயதுச் சிறுவனின் கையை முதன்முதலாக ஒட்டினார்கள். அடுத்த ஆண்டு சீனாவின் ஷாங்காயில் ஒரு தொழிலாளியின் துண்டான கையை ஒட்டினார்கள். 1965-இல் ஜப்பானில் டாக்டர் கொமாட்சுவும் டாக்டர் தமாயும் முழுவதும் துண்டான கட்டைவிரலை மைக்ராஸ்கோப் உதவியுடன் ஒட்டினார்கள். விரலின் இரத்தக்குழாய் சுமார் 1 மில்லிமீட்டர் அகலம்தான். அதைத் தைக்கும் நூல் தலைமுடியை விட மெல்லியது.

வேலை நடக்கும் வரிசை பொதுவாக இப்படி இருக்கும். முதலில் எலும்பைக் கம்பியோ பிளேட்டோ வைத்து நிலைநிறுத்துவார்கள். பிறகு தசைநாண்கள், இரத்தக்குழாய்கள், நரம்பு, கடைசியாகத் தோல். ஒரு விரலுக்கே பல மணி நேரம் ஆகும். அதன் பிறகும் சில நாட்கள் கண்காணிப்பு தேவை. உள்ளே போகும் இரத்தம் வெளியேற முடியாமல் விரல் கருநீலமாகத் தேங்கினால், அதற்கென்றே வளர்க்கப்பட்ட அட்டைகளைக் கடிக்கவிட்டு இரத்தத்தை வடிப்பதும் உண்டு. பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் பீடி, சிகரெட்டைக் கண்டிப்பாக விட வேண்டும். நலம் விசாரிக்க வருபவர்களும் பக்கத்தில் நின்று புகைக்கக் கூடாது. புகை இரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். ஒட்டிய விரல் ஒரு பீடியால் போய்விடக் கூடும்.

‘ஏன் என் பையனின் விரலை ஒட்டவில்லை’ என்று வருத்தப்படுபவர்களும் இருக்கிறார்கள். கட்டைவிரல் என்றால் டாக்டர்கள் முடிந்தவரை முயல்வார்கள், ஏனெனில் கையின் பயனில் ஏறக்குறைய பாதி அதைச் சேர்ந்தது. பல விரல்கள் சேர்ந்து துண்டானால், மணிக்கட்டோடு துண்டானால், குழந்தையாக இருந்தால் அப்போதும் முயல்வார்கள். பெரியவர் ஒருவரின் ஒற்றை விரல் அடிப்பகுதியில் நசுங்கித் துண்டாகியிருந்தால், ஒட்டிய விரல் விறைத்து மற்ற விரல்களுக்கும் இடைஞ்சலாகிவிடலாம். அப்படிப்பட்ட நிலையில் ஒட்டாமல் விடுவதும் ஒரு சிகிச்சை முடிவே.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

நரம்பைத் தைப்பது என்றால் மின்சார ஒயரை முறுக்கிவிடுவது போல் என்று பலர் நினைக்கிறார்கள். தைத்த உடன் கரண்ட் வந்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். நடப்பது வேறு. அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள நரம்பிழைகள் முழுவதும் அழிந்துவிடும். வெளியுறை மட்டும் வெற்றுக் குழாய் போல் மிஞ்சும். டாக்டர் செய்வது அந்த உறையை நேராகச் சேர்த்துத் தைப்பது. அதற்குள் மேலிருந்து புதிய இழைகள் முளைத்து ஊர்ந்து வர வேண்டும். அவற்றின் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை சுமார் 18 சென்டிமீட்டர் என்றால் 180 நாட்கள். அதாவது ஆறு மாதம், அதற்கு மேலும் ஆகலாம். ‘ஆபரேஷன் செஞ்சு மூணு மாசம் ஆச்சு, விரல் இன்னும் மரத்தே இருக்கு, ஆபரேஷன் ஃபெயில்’ என்று சொல்லிச் சிகிச்சையை நிறுத்துகிறவர்கள், இழைகள் பாதி வழியில் வந்து கொண்டிருக்கும்போது நிறுத்துகிறார்கள்.

நீண்ட காலம் நரம்பில்லாமல் கிடக்கும் தசை மெலிந்து போகும். ஒன்று, ஒன்றரை ஆண்டு கடந்துவிட்டால், பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் அந்தத் தசை பெரும்பாலும் எழாது. மோட்டார் சைக்கிளில் விழுந்து கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள நரம்புக் கற்றை அறுந்து, கை முழுவதும் தொங்கிவிடும் இளைஞர்களுக்கு இது மிக முக்கியம். அவர்கள் சில மாதங்களுக்குள் நிபுணரைப் பார்த்துவிட வேண்டும். ‘தானா சரியாயிடும்’ என்று எண்ணெய் தேய்த்துக் கொண்டு ஓராண்டைக் கடத்திவிட்டால் வாய்ப்புகள் குறைந்துவிடும்.

நரம்பின் ஒரு பகுதியே காணாமல் போயிருந்தால், கெண்டைக்காலின் ஓரத்தில் ஓடும் ஒரு உணர்வு நரம்பை எடுத்து இடையில் வைத்து ஒட்டுவார்கள். பாதத்தின் வெளி ஓரத்தில் சிறிது மரப்பு ஏற்படும்; நடையில் குறையிருக்காது.

நம் பக்கத்து ஊரின் பங்கு

நரம்பு திரும்பவே திரும்பாது என்ற நிலையிலும் வழி இருக்கிறது. அந்த வழியில் உலகத்துக்கு முன்னோடியாக இருந்தது நமக்குப் பக்கத்திலுள்ள வேலூர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேயரான டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் கொக்கி போல் மடங்கிப் போனவர்களை அன்று யாரும் தொட்டுக்கூடச் சிகிச்சை செய்யவில்லை. நல்ல நரம்புள்ள ஒரு தசையின் தசைநாணை இடம் மாற்றி, செயலிழந்த விரலோடு இணைத்து, அவர்களின் கைகளை மீண்டும் வேலை செய்ய வைத்தார் அவர். மேலும் ஒரு பெரிய உண்மையையும் எடுத்துக் காட்டினார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு கெட்டு வலி தெரியாததால், சூடும் வெட்டும் புண்ணும் படுவதை அவர்கள் உணர்வதில்லை. அதனால்தான் விரல்கள் அழிகின்றன.

வலியைத் தொல்லை என்று நினைக்கிறோம். அது அல்லாஹ் நம் விரல் நுனிகளில் வைத்திருக்கும் காவல். நரம்பு தைத்த கையில் அந்தக் காவல் மாதக்கணக்கில் இருக்காது. சூடான டீ கிளாஸ், பிரியாணி தேக்சா, இஸ்திரிப் பெட்டி, குளிர்காலத்தில் வெந்நீர்க் குழாய் இவற்றை மற்ற கையால் தொட்டுப் பார்த்த பிறகே அந்தக் கை நெருங்க வேண்டும்.

தமிழகத்தில் கை சிகிச்சைக்கு வேறு இடங்களும் உண்டு. சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1971-இல் தொடங்கிய கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு இன்று தனி நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசபாபதி உருவாக்கிய பிரிவும் நாடறிந்தது. கட்டைவிரலை இழந்தவருக்குக் கால்விரலை எடுத்து அந்த இடத்தில் பொருத்துவது, வெந்து சுருங்கிய விரல்களை விரித்துத் தோல் ஒட்டுவது, பிறவியில் ஒட்டியிருக்கும் விரல்களைச் சிறு வயதிலேயே பிரிப்பது எல்லாம் இன்று செய்யப்படுகின்றன. ‘இது அல்லாஹ் கொடுத்தது’ என்று பிள்ளையின் ஒட்டிய விரலை அப்படியே விட்டுவிடும் பெற்றோருக்குச் சொல்கிறோம்: அதைச் சரிசெய்யும் அறிவும் அவன் கொடுத்ததுதான். சிகிச்சை தேடுவது நபிவழி.

இன்னொருவரின் கை

இரு கைகளையும் இழந்தவருக்கு, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கைகளைப் பொருத்தும் சிகிச்சை பற்றியும் நம்மிடம் கேட்கிறார்கள். இதில் முதல் வெற்றி 1998-இல் பிரான்சின் லியோன் நகரில் கிடைத்தது. ஆனால் அந்த நோயாளி மருந்துகளை ஒழுங்காக உட்கொள்ளவில்லை. உடல் அந்தக் கையை ஏற்க மறுத்தது. 2001-இல் அதை அகற்ற வேண்டியதாயிற்று.

இந்தியாவில் 2015 ஜனவரியில் கொச்சி அம்ரிதா மருத்துவமனையில் டாக்டர் சுப்பிரமணிய ஐயர் தலைமையிலான குழு முதல் இரட்டைக் கை மாற்றைச் செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில், கண்ணிவெடி அகற்றும் பணியில் இரு கைகளையும் இழந்த ஆப்கானிஸ்தான் இராணுவ அதிகாரி ஒருவருக்கு, சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த கேரளத்துக்காரர் ஒருவரின் கைகளை அங்கேயே பொருத்தினார்கள். 2018 பிப்ரவரியில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த தொழிலாளிக்கு இச்சிகிச்சை நடந்தது.

பொருத்திய கைக்குள்ளும் பெறுபவரின் சொந்த நரம்பிழைகளே அதே 1 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போக வேண்டும். கை வேறொருவருடையது, அதில் திரும்பும் உணர்வு இவருடையது. அதற்குப் பல மாதங்கள் ஆகும். உடல் அந்தக் கையை நிராகரிக்காமலிருக்க ஆயுள் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டும். அம்மருந்துகளால் தொற்றுநோய், சர்க்கரை நோய், சிறுநீரகப் பாதிப்பு, சில வகைப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான அபாயம் கூடும். ஆகவே ஒரு கை நன்றாக இருப்பவருக்கு இதைப் பெரும்பாலும் பரிந்துரைப்பதில்லை. செயற்கைக் கையாலோ மேலே சொன்ன மற்ற வழிகளாலோ சமாளிக்க முடியாதவர்களுக்கான கடைசி வழி இது.

மார்க்கம் என்ன சொல்கிறது

ஒருவரின் உடலிலிருந்தே நரம்பு, தசைநாண், தோல், கால்விரல் எடுத்து அவருக்கே பொருத்துவது பற்றிச் சிலர் தயங்குகிறார்கள். நன்மை தீங்கை விட மிகைத்திருந்தால் இது அனுமதிக்கப்பட்டது என்று, 1988-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. இழந்த உறுப்பை ஈடுசெய்வதும் அதன் செயலை மீட்பதும் அத்தீர்மானத்தில் நோக்கங்களாகச் சொல்லப்பட்டுள்ளன.

இறந்தவரின் உறுப்பைப் பெறுவதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. அதே தீர்மானம், உயிரோ உடலின் அடிப்படையான ஒரு செயல்பாடோ அந்த உறுப்பைச் சார்ந்திருந்தால், இறந்தவர் முன்பே சம்மதித்திருந்தால் அல்லது வாரிசுகள் சம்மதித்தால், அதை அனுமதிக்கிறது. நம் நாட்டின் ஆலிம்களில் கணிசமானோர், மனித உடலின் கண்ணியத்தையும் அது அல்லாஹ்வின் அமானிதம் என்பதையும் முன்வைத்து இதை ஏற்பதில்லை. மூளைச்சாவை மரணமாகக் கொள்ளலாமா என்பதிலும் வேறுபாடு உண்டு. நமது அறக்கட்டளை ஃபத்வா வழங்கும் இடமில்லை. இந்த நிலையில் இருக்கும் குடும்பம் தாங்கள் நம்பும் முஃப்தியிடம் மருத்துவ விவரங்களை முழுமையாக எடுத்துச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு செய்தியை மட்டும் கூடுதலாகச் சொல்கிறோம்: கைகளைத் தானம் செய்தவரின் உடலில் செயற்கைக் கைகளைப் பொருத்தியே குடும்பத்தாரிடம் ஒப்படைப்பது வழக்கம்.

அன்றாட வணக்கத்தில் கஷ்டமில்லை. கட்டு நனையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால், அதன் மேல் ஈரக்கையால் மஸ்ஹு செய்ய மார்க்கம் இடம் தருகிறது. அதன் நுணுக்கச் சட்டங்களைத் தத்தம் மத்ஹபின்படி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தக்பீரில் கையை உயர்த்தவோ ஸஜ்தாவில் ஊன்றவோ முடியாவிட்டால் முடிந்த அளவு செய்தால் போதும். தையல் பிரிந்துவிடும்படி ஊன்றுவது பக்தியாகாது. ஒட்ட முடியாமல் போன பாகத்தைக் கேட்டு வாங்கிக் கண்ணியமாக மண்ணில் புதைத்துவிடலாம்.

வீடு திரும்பிய பிறகு

தைத்த தசைநாண் முழு வலுவைப் பெற ஏறக்குறைய 12 வாரம் ஆகும். அதற்குள் பலத்தைக் காட்டினால் அறுந்துவிடும். அசைக்காமலே வைத்திருந்தால் சுற்றியுள்ள சதையோடு ஒட்டி விரல் விறைத்துவிடும். எவ்வளவு அசைக்க வேண்டும், எப்போது ஸ்பிளின்ட்டைக் கழற்ற வேண்டும் என்பதைப் பிசியோதெரபிஸ்ட் வாரா வாரம் பார்த்துச் சொல்ல வேண்டும். உணர்வு திரும்பும் காலத்தில், கண்ணை மூடிக் கொண்டு அரிசி, பருத்தித் துணி, தஸ்பீஹ் மணி போன்றவற்றைத் தடவி அடையாளம் காணும் பயிற்சியும் உண்டு. தொழுகைக்குப் பின் திக்ரை அந்தக் கையால் எண்ணினால் பயிற்சியும் ஆகும், நன்மையும் கிடைக்கும்.

வீட்டுப் பெண்கள் பரிவோடு எல்லாவற்றையும் ஊட்டிவிட்டு, உடுத்திவிட்டு, அந்தக் கைக்கு வேலையே இல்லாமல் செய்துவிடுவதையும் பார்க்கிறோம். டாக்டர் அனுமதித்த வேலையை அவரே செய்யட்டும்.

செலவும் உரிமையும்

இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் வேலை இடத்தில் நடந்த விபத்தைக் கம்பெனிப் பதிவேட்டில் அன்றே எழுதச் செய்ய வேண்டும். சிகிச்சையோடு, வேலை செய்ய முடியாத நாட்களுக்கும் நிரந்தர ஊனத்துக்கும் பணம் பெறும் உரிமை அதில் இருக்கிறது. இ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளிக்கும் சட்டப்படி இழப்பீடு கேட்கும் உரிமை இருக்கிறது. ‘முதலாளி நம்ம ஜமாஅத் ஆள், எப்படிக் கேட்பது’ என்று தயங்க வேண்டாம். உரியதைக் கொடுப்பது அவர் மீது கடமை. முதலாளிமார்களும் மிஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு வேலை வாங்குவதை நிறுத்த வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்காத குடும்பங்கள் இப்போதே எடுத்து வையுங்கள். சாலை விபத்து என்றால், ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். நிரந்தரக் குறைபாடு ஏற்பட்டுவிட்டவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை பெற வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பணம் திரட்டும்போது ஜமாஅத் முழுவதும் ஓடி வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். பிறகு வரும் ஆறு மாதப் பஸ் செலவுக்கும், வேலையில்லாத அந்த வீட்டின் ரேஷனுக்கும் கேட்க அவர்களுக்கு வாய் வருவதில்லை. நமக்கும் நினைவு வருவதில்லை. விரல்கள் விறைப்பது அந்த மாதங்களில்தான். ஆகவே, கை அறுவைச் சிகிச்சை செய்து கொண்டவர்களின் பிசியோதெரபிப் பயணச் செலவை, தகுதியுடையவர்களுக்கு ஜகாத் நிதியிலிருந்து அவர்கள் கையிலேயே மாதந்தோறும் ஒப்படைப்பது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. டாக்டர் எழுதிய சீட்டோடு அலுவலகத்துக்கு வந்தால் போதும். இதற்கென்றே ஜகாத், ஸதகா தர விரும்புவோரும் அலுவலகத்தில் சொல்லலாம்.

இந்தப் பெருநாளில் கூட்டுக் குர்பானி நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் சுத்தமான துணி, சலைன் பாட்டில், பிளாஸ்டிக் கவர்கள், ஐஸ் பெட்டி அடங்கிய ஒரு பையை இன்ஷா அல்லாஹ் வைக்கவிருக்கிறோம். அறுக்கத் தெரிந்தவர் அறுக்கட்டும். பிள்ளைகள் கத்திக்கு அருகே நிற்க வேண்டாம்.

நம் அனைவரின் கைகளையும் வல்ல ரஹ்மான் பாதுகாப்பானாக. காயம்பட்டவர்களுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

— செயலாளர்